இறங்கிப் பார்க்கச் சொன்னவர்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். பழைய கிள்ளான் ரோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. முதன்முதலாகத் தார் போட்ட காலத்தையும் கூடை சுமந்த பெண்களையும் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த ஒரு பெரியவர், "அந்த கேங்குல ஒரு சண்டைக்காரி இருந்தாளே, லோரிய மறிப்பாளே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு வெற்றிலை கசந்துவிட்டது. "அவங்க சண்டைக்காரி இல்ல" என்று சொன்னேன். சற்றுச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் மறித்த லோரியை ஓட்டியவன் நான். அவரைச் சண்டைக்காரி என்று சொல்ல யாருக்காவது உரிமை இருக்குமானால் அது எனக்குத்தான் முதலில் இருக்க வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேங்கில் இருந்த எல்லாரும் அக்கா என்றார்கள். அவரைவிட மூத்த பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். ஒரு நாளாவது பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கிள்ளானில் ஒரு மளிகை முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். சின்ன லோரி. முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு கூடு, பின்னால் திறந்த பெட்டி. இப்போது பிக்கப் என்கிறார்களே, அதற்குப் பாட்டன். கப்பலில் வந்திறங்கும் வெங்காயம், பருப்பு, மிளகாய் மூட்டைகளைக் கிள்ளானில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் கடைகளில் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நடை. வழியில், பத்து தீகா பக்கம், ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. பதினொரு பெண்களும் நாலைந்து ஆண்களும் அவர்களை மேய்க்க ஒரு மண்டோரும். ஆண்கள் தார் காய்ச்சுவார்கள். பெண்கள் கல் உடைப்பார்கள், சுமப்பார்கள், பரப்புவார்கள், பெருக்குவார்கள். மண்டோர் நிழலில் நிற்பார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் முதல் நடை போனேன். அந்த இடத்தில் இன்னும் தார் வரவில்லை, செம்மண்தான். திரும்பி வரும்போது, தலையில் கல் கூடையோடு ஒரு பெண் நடு ரோட்டில் நின்றார். ஹாரன் அடித்தேன். அவர் நகரவில்லை. பிரேக்கை மிதித்தேன். லோரி வழுக்கிக்கொண்டு போய், அவருக்கு நாலடி முன்னால் நின்றது. அவர் நிதானமாகக் கூடையை இறக்கி வைத்தார்.

"எறங்கி வா டிரைவரு."

"என்னக்கா, சாகணும்னா வேற லோரி கெடைக்கலையா?"

"எறங்கிப் பாரு. பாத்துட்டுப் பேசு."

இறங்கினேன். ரோட்டோரத்து மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிளையில் தூக்குச்சட்டிகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு மூன்று சட்டிகளுக்கு மூடி இல்லை. மூடி இருந்தவற்றிலும் மூடியின் விளிம்பில் சேறு வழிந்திருந்தது. ஒவ்வொரு சட்டியையும் எடுத்து என் மூக்குக்குக் கீழே நீட்டினார். பழைய சோற்றில் செம்மண் தண்ணீர் மிதந்தது. இது யாருடைய சட்டி, இவளுக்கு எத்தனை பிள்ளை, விடிவதற்கு எவ்வளவு முன்னால் எழுந்து பொங்கினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, சாபம் இல்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"ரோடு சேறா இருந்தா நான் என்னக்கா செய்வேன்?"

"காலையில ஒரு சீனனோட லோரி போச்சு. இதே சேறுதான். ஒரு சொட்டு மேல படல. அதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் என்னமோ தொங்குது. ஒனக்கு ஏன் தொங்கல?"

அவர் சொன்னது மட்கார்டின் விளிம்பில் தொங்கும் ரப்பர்த் துண்டு. சக்கரம் வாரி இறைக்கும் சேறும் கல்லும் பின்னாலும் பக்கத்திலும் பறக்காமல் தடுப்பதற்காக மாட்டுவது. இப்போது மட்பிளாப் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது வெறும் ரப்பர். நாலு வருஷமாக லோரி ஓட்டிய எனக்கு அது தோன்றவில்லை. கூடை சுமந்த பெண் கவனித்திருக்கிறார்.

முதலாளியிடம் கேட்டேன். "மூட்டை நனைஞ்சா சொல்லு, மத்தது வேணாம்லா" என்றார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்னால் கிடந்த பழைய டயரை வாங்கி, நானே அறுத்து இரண்டு துண்டாக்கி, இரும்புப் பட்டை வைத்து, பக்கத்துக்கு நாலு போல்ட்டு முடுக்கினேன். மறுநாள் பெருமையாகக் கேங்கின் முன்னால் நிறுத்தினேன். அக்கா குனிந்து, தரைக்கும் ரப்பருக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். இரண்டு சாண் இடைவெளி இருந்தது.

"இது எதுக்குத் தம்பி? லோரிக்குக் காதுல போட்டு அழகு பாக்கவா? ஒரு சாண் போதும். எறக்கு."

இறக்கினேன். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தப் பெண்களின் சோற்றில் என் லோரியால் ஒரு துளி சேறு விழவில்லை.

அவரிடம் அந்த ஒரு குணம்தான். யார் எதைச் செய்தாலும், செய்தவர் வந்து அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மன்னிப்பு அவருக்கு வேண்டாம். "தெரியாம செஞ்சுட்டேன்" என்று சொன்னால், "இப்பத் தெரிஞ்சுக்கோ" என்பார். 

ஒரு முறை குடிதண்ணீர் வாளியில் புழு நெளிந்தது. மண்டோருக்கு வேறு வாளி, கிணற்றுத் தண்ணீர். பெண்களுக்குப் பக்கத்து வாய்க்கால் தண்ணீர். அக்கா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மண்டோரின் பெஞ்சில், அவர் பக்கத்தில் வைத்தார். "குடிங்கன்னு சொல்லல. பாருங்க" என்றார். மண்டோர் முகத்தைத் திருப்பினார். இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். மறுபடி திருப்பினார். மறுபடி அந்தப் பக்கம். வேலை முழுக்க நின்றுபோய் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் டயருக்குக் காற்றடிக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் கிணற்றுத் தண்ணீர் வந்தது. வாளியும் புதிது. ஆனால் அன்று வேலை செய்யவில்லை என்று அக்காவின் பெயருக்கு நேரே மண்டோர் கோடு போட்டுவிட்டார். புழுத் தண்ணீர் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை, புழுவைக் காட்டியவருக்குத் தண்டனை.

தனக்கும் அவர் சலுகை கொடுத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் அவர் கொட்டிய கல் சரிந்து, சைக்கிளில் வந்த ஒரு மலாய்க் கிழவரின் சக்கரத்தில் பட்டது. கிழவர் விழவில்லை, பரவாயில்லை என்று கையசைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மற்றப் பெண்கள் மூச்சு விட்டார்கள். வேலை முடிந்ததும் அக்கா விசாரித்துக்கொண்டே அவருடைய கம்பம், அதாவது மலாய்க் கிராமம் வரைக்கும் நடந்தார். போய், வளைந்த சக்கரத்தைப் பார்த்து, அது எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலை என் லோரியை நிறுத்தி, "சைக்கிள் சக்கரம் நிமித்த எங்க ஆள் இருக்கான்?" என்று கேட்டார். சக்கரத்தை நான்தான் கொண்டுபோய்ச் சரிபண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவரோடு பழகுவது சுகமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. தூரத்தில் அவருடைய நீலச் சேலையைப் பார்த்தாலே, இன்றைக்கு எதைக் காட்டப் போகிறாரோ என்று எனக்குக் கழுத்து விறைக்கும். மனிதர்கள் எதையாவது பார்க்காமல் இருக்கத்தான் விரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலாளி கடையின் பின்பக்கம் ஒரு சரிவு உண்டு. மூட்டை ஏற்ற லோரியைப் பின்னோக்கி அதில் ஏற்ற வேண்டும். ரப்பர் நீளமாக இருந்தால், பின்னால் போகும்போது சக்கரத்துக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சக்கரம் அதன்மேல் ஏறினால் மட்கார்டையே பிடித்து இழுத்துவிடும். ஒரு நாள் அப்படி ஆயிற்று. மட்கார்டு வளைந்து, பெயின்ட் உரிந்தது. முதலாளி கத்தினார். நான் ரப்பரில் ஒரு சாண் அறுத்தேன். அக்காவிடம் காரணம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "பின்னால போறப்ப மட்டும் தூக்கிக் கட்டக் கூடாதா? ஒரு கொக்கி போட்டா ஆச்சு" என்றார். நல்ல யோசனைதான். கொக்கி போட நான் சோம்பேறித்தனப்பட்டேன். இதை எழுதும்போது என்மேல்தான் எனக்கு முதல் கோபம்.

இரண்டாவது முறை வளைந்தபோது இன்னும் நாலு விரல் அறுத்தேன். மூன்றாவது முறை முதலாளி மட்கார்டுக்குப் புதுப் பச்சைப் பெயின்ட் அடித்து, அது காய்ந்த மறுநாளே வளைந்தது. அவரே ஸ்பேனரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"கழட்டுடா. இப்பவே. நான் பாக்கறேன்."

"மொதலாளி, ரோட்டுல பொம்பளைங்க வேலை செய்யறாங்க. புதுசா தார் போட்டுக் கல்லு தூவறாங்க. சக்கரத்துல ஒட்டித் தெறிக்கும்."

"அவங்கள ஓரமா நிக்கச் சொல்லு. ரோடு வண்டிக்குத்தான் போட்டது."

எட்டு போல்ட்டையும் என் கையால்தான் கழற்றினேன். முதலில் சில நாள் கேங்கைத் தாண்டும்போது மெதுவாகப் போனேன். அப்புறம் இரண்டாவது நடைக்கு நேரமாகிறது என்று முதலாளி கத்த ஆரம்பித்தார். வேகத்தைக் கூட்டினேன். லோரியின் பின்னால் ஒன்றும் தொங்கவில்லை என்பதை அக்கா முதல் நாளே பார்த்திருப்பார். இரண்டு முறை கை காட்டினார். நான் பார்க்காததுபோல் போய்விட்டேன்.

அன்று பிற்பகல் நல்ல வெயில். தார் இளகிக் கிடந்தது, அதன்மேல் சின்னக் கல் பரப்பியிருந்தார்கள். லோரி அதில் ஏறியதும் அடியில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் சத்தம். இடது பக்கம் ரோட்டோரத்தில் துடைப்பத்தோடு ஒரு இளம்பெண் நின்றாள். தாண்டும்போது அவளைப் பார்த்தேன். தாண்டியபின் தலையைத் திருப்பினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். எதையோ கீழே போட்டுவிட்டாள் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லோரியை நிறுத்தவில்லை.

அவள் பெயர் பவுனு. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். கல் வலது கண்ணில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, அந்தக் கண் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு இது மறுநாள் காலை கடையிலேயே தெரிந்துவிட்டது. மண்டோர் விடிந்ததும் வந்து முதலாளியிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கல்லு ஒடைக்கும்போது தெறிச்சதுன்னு மண்டோரே சொல்லிட்டாரு. தொரை விசாரிக்க வராராம். லோரியப் பாக்கணுமாம். நீ அந்த ரப்பர எடுத்து மாட்டு."

"நேத்து இல்லையே மொதலாளி."

"இன்னைக்கு இருக்கும்ல?"

மாட்டினேன். கழற்றச் சொன்னால் கழற்றுகிறவன் மாட்டச் சொன்னால் மாட்டத்தானே செய்வான்.

ரோட்டு வேலைச் சாமான்கள் வைக்கும் கொட்டகையில் விசாரணை. ரோட்டு இலாகா வெள்ளைக்காரத் துரையும், மொழிபெயர்க்க அவர் ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியும் வந்திருந்தார்கள். மண்டோர் பணிவாகக் கை கட்டி, "முகத்த மறைச்சுக்கிட்டு ஒடைங்கன்னு பல தடவ சொல்லியிருக்கேங்க, கேக்கறதில்ல" என்றார். பவுனு வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிவிட்டால், வேலைக்கு லாயக்கில்லை என்று கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேலை இல்லாத காலம் அது. வாரத்துக்கு வாரம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் பவுனுக்கு ஒருவரும் இல்லை.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கல். கடலையளவு. 

"இதுதான் அவ கண்ணுல பட்டது. கீழ விழுந்தத நான் எடுத்து வச்சேன். ஒரு பக்கம் பூரா தாரு. நாங்க ஒடைக்கிற கல்லுல தாரு ஏது? ரோட்டுல கெடந்த கல்லுலதான் தாரு ஒட்டும். ரோட்டுல கெடந்த கல்லு தானா எழுந்து பறக்காது. சக்கரம் எடுத்து வீசியிருக்கு. அவ கையில அன்னைக்குச் சுத்தியலே இல்ல, தொடப்பம் இருந்துச்சு. பத்துப் பேரு பாத்தோம். பத்துப் பேரையும் கேளுங்க."

கிராணி இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னான். எனக்கு அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனாலும் அது புரிந்தது. இந்தப் பொம்பளை கோபமாக இருக்கிறாள் என்று சொன்னான். அத்தனை பேச்சுக்கும் அவ்வளவுதான். மற்ற ஒன்பது பெண்களை யாரும் கேட்கவில்லை.

துரை வெளியே வந்து லோரியின் பின்னால் நின்றார். ரப்பர் தொங்கியது. இருக்கிறதே என்பதுபோல் தலையை ஆட்டினார். அக்கா தரையில் மண்டி போட்டு, சக்கரத்தின் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார்.

"தொரை, இங்க பாருங்க. இரும்புப் பட்டைக்கும் மட்காட்டுக்கும் நடுவுல காஞ்ச சேறு இருக்கு. ரப்பர் எப்பவும் இருந்திருந்தா உள்ளார சேறு எப்படிப் போகும்? சேறு படிஞ்ச அப்புறம் மாட்டியிருக்காங்க. போல்ட்டு முனையில புதுக் கீறல் பளபளன்னு இருக்கு. குனிஞ்சு பாருங்க. ஒரே ஒரு தடவ குனிஞ்சு பாருங்க."

துரை வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குனியவில்லை. ஒரு பெண்ணின் கண் போய்விட்டது, இன்னொருத்தி மண்ணில் முழங்காலிட்டுக் கெஞ்சுகிறாள், அந்த மனிதருக்குக் குனிய முடியவில்லை. பிறகு கிராணி என்னிடம் திரும்பி, அன்றைக்கு ரப்பர் இருந்ததா என்று கேட்டான். முதலாளி என் பக்கத்தில் நின்றார்.

"இருந்துச்சு" என்றேன்.

அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

விசாரணை முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் பவுனுவை அழைத்துக்கொண்டு, ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருந்த அறைக்கு வந்துவிட்டார். எப்படி விலாசம் கண்டுபிடித்தாரோ. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். அவர் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். பவுனுவும் உட்கார்ந்தாள். கண்ணின் கட்டை அவிழ்த்திருந்தார்கள். என் மனைவிக்கு நடந்தது எதுவும் தெரியாது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பவுனு கையை நீட்டி டம்ளரைப் பிடித்தாள். டம்ளர் அங்கே இல்லை. நாலு விரல் தள்ளி இருந்தது. மறுபடி நீட்டினாள். அப்போதும் வெறும் காற்றைத்தான் பிடித்தாள். மூன்றாவது தடவை இரண்டு கையையும் தடவிக்கொண்டே கொண்டுபோய் டம்ளரைக் கண்டுபிடித்துக் குடித்தாள்.

பவுனுதான் பேசினாள்.

"அண்ணே, நான் மொகத்த மறைச்சுக்காம கல்லு ஒடைச்சேன்னு எழுதிட்டாங்களாம். அடுத்த கப்பல்ல போகணும்னு மண்டோர் சொல்றாரு. நான் அன்னைக்கு ஒடைக்கவே இல்லண்ணே. நீங்க பாத்தீங்கல்ல? லோரில போறப்ப என்னையப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றேன். 

மறுநாள் கிள்ளானுக்குப் போகாமல் துரையின் ஆபீசுக்குப் போனேன். அதே கிராணி. "நான் சொல்றத ஒண்ணு விடாம சொல்லுங்க சார். எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ரப்பரை அறுத்தது, கழற்றியது, மறுபடி மாட்டியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். துரை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். பவுனுவைக் கப்பலேற்றவில்லை. கூலிக் குடியிருப்பான லயத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். கண்ணுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. முதலாளியை யாரும் கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை.

முதலாளிக்கு என்னைக் கேட்க ஆள் தேவைப்படவில்லை. அதற்கு மறுநாள் கடை வாசலிலேயே நிறுத்தி, உன்னை மனுஷன் என்று நம்பினேனே என்றார். கண் போனவளைப் பற்றி ஒரு சொல் இல்லை, தான் ஏமாந்துபோனதாக அழாத குறை. விசாரணை முடிந்த அன்றே ரப்பரைக் கழற்றிப் பின்பக்கம் வீசியிருந்தார். அது என் டயரில் அறுத்தது. பொறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நேரே பத்து தீகாவுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லுகிறேன், அக்கா ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"வேலை போச்சுக்கா."

"கேள்விப்பட்டேன். சாப்டியா?"

"இல்ல."

சட்டியில் இருந்ததில் பாதியை எனக்குக் கொடுத்தார். நான் சாப்பிடும்போது, "அந்த லோரி இப்பத்தான் போச்சு. புது டிரைவரு. பின்னால ஒண்ணும் தொங்கல" என்றார். பிறகு என் கக்கத்தைப் பார்த்தார். "ஸ்பேனர் வச்சிருக்கியா?"

தார் வேலை நடக்கும்போது வண்டிகளை நிறுத்தவும் விடவும் ஒரு கிழவர் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் வைத்துக்கொண்டு நிற்பார். மறுநாள் காலை அக்கா அவரிடம் போய், "கால் வலிக்கும், உக்காருங்க" என்று கொடிகளை வாங்கிக்கொண்டார். கார்கள் வந்தன, பச்சை. மாட்டு வண்டி, பச்சை. சீன லோரி, பச்சை. எங்கள் முதலாளியின் லோரி வந்ததும் சிவப்பு.

"ஏன்கா, மத்தவனெல்லாம் போறானே?" என்றான் புது டிரைவர்.

"தார் காயல."

"அவங்களுக்கு மட்டும் காஞ்சிருச்சா?"

"நீ எறங்கு. அவன் மாட்டி முடிச்சதும் காஞ்சிரும்."

நான் லோரிக்கு அடியில் படுத்திருந்தேன். மண்டோர் ஓடிவந்து கத்தினார். பெண்கள் கூடைகளைத் தலையில் வைத்தபடி லோரியைச் சுற்றி வந்து நின்றார்கள். அவர்கள் வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள், கல் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள், அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எட்டாவது போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்ததும் பச்சைக் கொடி ஆடியது.

முதலாளி கழற்றினார். மறுபடி நிறுத்தினோம். நான் மறுபடி மாட்டினேன். அதையும் கழற்றி இந்த முறை ஆற்றில் வீசிவிட்டார். ஒரு சீன ஒர்க்‌ஷாப்காரர், விஷயம் என்னவென்று கேட்டுவிட்டு, பழைய டயர் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். மூன்றாவது முறை முதலாளியே லோரியில் வந்தார். தொப்பியோடு முன்சீட்டில் உட்கார்ந்து, போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்புடுங்க. அவங்களுக்கும் காட்டணும். மொதல்ல நீங்க எறங்கிப் பாருங்க. அந்தாண்ட லயத்துல பவுனு இருக்கா. போய் மொகத்தப் பாத்துட்டு வாங்க, கொடிய எறக்கிடறேன்."

அவர் இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நான் அவருடைய லோரிக்கு ரப்பர் மாட்டினேன். கொக்கியும் போட்டேன். அதன் பிறகு அவர் கழற்றவில்லை.

மூன்று மாதத்துக்குள் அக்காவை செலாயாங் பக்கத்துக் கேங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஆள் பற்றவில்லை என்றார் மண்டோர். பொய். பொய் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி, ஒரு பாய், இரண்டு சட்டி. எனக்கு அதற்குள் வேறொரு லோரியில் வேலை கிடைத்திருந்தது. வண்டி கிளம்பும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"அக்கா, நான் அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கு என்ன மன்னிச்சிரு."

"என்கிட்ட ஏன் கேக்கற? கண்ணு என்னுதா?" என்றார். "பவுனுகிட்ட போய்க் கேளு."

வண்டி போய்விட்டது. பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

லயத்துக்கு நடந்தேன். பிள்ளைக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பவுனு கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பையும் முதலில் இடது கையால் தொட்டுப் பார்த்து, அதன்பிறகுதான் அகப்பையைச் சாய்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கிண்ணத்தைத் தொட்டாள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஊற்றி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். போ என்று அவள் சொல்லவில்லை.